ஜெர்மன் சாக்லேட் கேக்கின் தேங்காய்ப் பூச்சு வழிந்தோடுகிறது, உதவி தேவை

கோகிலா_டாலஸ்:
வணக்கம். மாமனாரின் பிறந்தநாளுக்காக மூன்றடுக்கு ஜெர்மன் சாக்லேட் கேக் செய்துகொண்டிருக்கிறேன். அடுக்குகள் நன்றாகவே வந்துள்ளன. ஆனால் தேங்காயும் பெக்கான் கொட்டையும் சேர்த்த பூச்சு கஞ்சிபோல் தளர்ந்திருப்பதால், பக்கவாட்டில் தடவத் தடவத் தட்டில் வழிகிறது. மேலடுக்கும் ஒரு புறமாக நகர்கிறது. செய்முறையில் உள்ளபடியேதான் செய்தேன். நாளை மாலை விருந்து. விரைந்து பதில் தாருங்கள்.

மாவுக்கை:
எந்தச் செய்முறை என்று நீங்கள் குறிப்பிடவில்லை. எவாபரேட்டட் மில்க் (நீர் வற்றவைத்த, இனிப்பில்லாத பால்) சேர்த்தீர்களா, இனிப்பிட்ட கண்டென்ஸ்டு மில்க்கா? மஞ்சள் கரு எத்தனை? அடுப்பில் எவ்வளவு நேரம் வைத்தீர்கள்? தேங்காய் உலர்ந்ததா, ஈரமானதா? கேக் முழுவதும் ஆறிய பிறகுதான் தடவினீர்களா?

அடுப்பங்கரை_சேகர்:
இவ்வளவு கேள்விகள் தேவையில்லை. இரண்டு மேசைக்கரண்டி சோளமாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் எந்தப் பூச்சும் கெட்டியாகிவிடும். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

மூத்த_பேக்கர்:
சேகர் எல்லா இழைகளிலும் சோளமாவையே பரிந்துரைக்கிறார். முட்டையின் மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் என்ற நொதி இருக்கிறது. கலவை கொப்புளம் விட்டுக் கொதிக்காவிட்டால் அந்த நொதி செயலிழக்காது, எனவே இன்று கெட்டியாகத் தெரியும் பூச்சு நாளை மீண்டும் நீர்த்துவிடும். இத்தகைய அடிப்படைகளைப் படித்துவிட்டு அடுப்பின் அருகே செல்வது எல்லோருக்கும் நல்லது. மேலும், இந்தக் கேக்கின் பக்கங்களில் பூச்சுத் தடவும் வழக்கமே கிடையாது. அடுக்குகளுக்கு இடையிலும் உச்சியிலும் மட்டும் பரப்பிவிட்டு, பக்கங்களை வெறுமையாக விடுவதுதான் முறை.

ரைன்_நதிக்கரை:
நான் ஜெர்மனியில் வசிக்கிறேன். இங்குள்ள பேக்கரிகளில் செர்ரியும் க்ரீமும் வைத்த பிளாக் ஃபாரஸ்ட் கேக்தான் கிடைக்கிறது. தேங்காய் போட்ட இந்தக் கேக்கை நான் பார்த்ததே இல்லை. இதை ஜெர்மன் கேக் என்று அழைப்பது சரியா?

மூத்த_பேக்கர்:
அந்த நாட்டுக்கும் இந்தக் கேக்குக்கும் தொடர்பில்லை. மாசசூசெட்ஸிலிருந்த பேக்கர்ஸ் சாக்லேட் நிறுவனத்தில் பணியாற்றிய சாமுவேல் ஜெர்மன் என்பவர் 1852-இல் இனிப்பு கலந்த சமையல் சாக்லேட் ஒன்றை உருவாக்கினார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்தச் சாக்லேட்டைக் கொண்டு செய்யும் இந்தக் கேக்கின் குறிப்பு 1957-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டாலஸ் நகர நாளிதழ் ஒன்றில் வெளியாகி, அதன் பிறகுதான் அமெரிக்கா முழுவதும் பரவியது. கேட்பவரே டாலஸில்தான் இருக்கிறார். அவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

நெய்மணம்:
வரலாறு இருக்கட்டும். பெக்கானுக்குப் பதிலாக வால்நட் போட்டால் செலவு குறையுமே?

மூத்த_பேக்கர்:
பெக்கான் டெக்சாஸின் மாநில மரம். அங்கேயே இருந்துகொண்டு வால்நட் போடச் சொல்வதா?

நெய்மணம்:
மாநில மரம் என்பதற்காக விலை குறைந்துவிடாது, ஐயா. 175 டிகிரி செல்சியஸில் எட்டு நிமிடம் வறுத்து, சூடாக இருக்கும்போதே துணியில் வைத்துத் தேய்த்துத் தோலை நீக்கினால் வால்நட்டின் கசப்பு பெரும்பாலும் போய்விடும்.

கோகிலா_டாலஸ்:
எவாபரேட்டட் மில்க் ஒரு டப்பா, மஞ்சள் கரு நான்கு, சர்க்கரை ஒன்றரை கப், வெண்ணெய் முக்கால் கப். ஐந்து நிமிடம் போலக் கிளறினேன். தேங்காய், இந்தியக் கடையில் ஃப்ரீசரில் விற்கும் துருவல், உருகியவுடன் சேர்த்தேன். கேக் சற்று வெதுவெதுப்பாக இருந்தது.

மாவுக்கை:
காரணங்கள் இப்போது தெரிகின்றன. இந்த அளவுகளுக்கு மிதமான தீயில் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடங்கள், கலவை பொன்னிறமாகிக் கரண்டியின் பின்புறத்தில் படியும்வரை, கிளற வேண்டும். ஐந்து நிமிடத்தில் மஞ்சள் கரு பாலைப் பிடித்துக் கெட்டியாக்கியிருக்காது. இந்தச் செய்முறை எதிர்பார்ப்பது, பேக்கிங் பகுதியில் விற்கும் இனிப்பிட்ட உலர் தேங்காய்ச் சீவலை. உறைந்த துருவலோ உருகும்போது நீர் விடும். போதாக்குறைக்கு, கேக்கின் சூட்டில் வெண்ணெயும் இளகியிருக்கிறது. பூச்சை வழித்தெடுத்து அடிகனமான பாத்திரத்தில் சிறுதீயில் வைத்து, அடி பிடிக்காமல் இடைவிடாது கிளறி நீரை வற்ற விடுங்கள். தீயைக் கூட்டினால் முட்டை திரிந்துவிடும். நன்றாக ஆறிய பிறகே கெட்டித்தன்மையைச் சரிபாருங்கள், ஏனெனில் சூட்டில் அது தளர்வாகத்தான் தோன்றும். அதுவரை அடுக்குகளைத் தனித்தனியே ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

அடுப்பங்கரை_சேகர்:
சோளமாவைக் கொதிக்க வைத்தால் நொதி அழிந்துவிடும் என்று மூத்த பேக்கரே மறைமுகமாக ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

கோகிலா_டாலஸ்:
வற்றிக் கெட்டியாகிவிட்டது. பக்கங்களில் தடவவில்லை. இரவு வெளியிலேயே வைக்கலாமா?

மாவுக்கை:
வேண்டாம். பாலும் முட்டையும் சேர்ந்த பூச்சு. மூடி ஃப்ரிட்ஜில் வைத்து, பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுங்கள்.