தொண்ணூறு வருடம் ஆகியும் ஸ்க்ரூபால் காமெடி சலிக்காதது ஏன்?

இரவுக்காட்சி:

1930களின் ஹாலிவுட் ஸ்க்ரூபால் காமெடிகளை, அதாவது ஆணும் பெண்ணும் வாய்க்கு வாய் மோதிக்கொண்டே காதலில் விழும் கிறுக்குத்தனமான நகைச்சுவைப் படங்களை, இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இட் ஹேப்பன்ட் ஒன் நைட் (1934), தி ஆஃபுல் ட்ரூத் (1937), பிரிங்கிங் அப் பேபி (1938) மூன்றும் முடிந்தது. கதை என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்பது கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்போது வருகிற காதல் நகைச்சுவைப் படங்களில் பாதியிலேயே கை ஃபோனைத் தேடுகிறது, இவற்றிலோ ஒரு வரி காதில் விழாமல் போனால்கூட பின்னால் ஓட்டிக் கேட்டுவிட்டுத்தான் மேலே போகிறேன். அந்தக் காலத்துத் தணிக்கை எதையும் காட்டவிடாததால் எல்லாவற்றையும் பேச்சில் கொண்டுவந்தார்கள், அதுதான் காரணம் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அது மட்டும்தானா? அப்புறம், அடுத்து எதைப் பார்க்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:

தணிக்கைக்கும் பங்கு உண்டு, ஆனால் அதையே முழுக் காரணமாகச் சொன்னால் தேதி இடிக்கிறது. ஹேஸ் கோட் என்ற ஹாலிவுட் தணிக்கை விதிகளைக் கறாராக அமல்படுத்தத் தொடங்கியது 1934 நடுவில். இட் ஹேப்பன்ட் ஒன் நைட் அதே வருடம் பிப்ரவரியிலேயே தியேட்டருக்கு வந்துவிட்டது, இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸின் ட்வென்டியத் செஞ்சுரி மே மாதம். ஆக, கதவைச் சாத்துவதற்கு முன்பே இந்த வகைப் படம் பிறந்துவிட்டது. சாத்திய பிறகு இன்னும் தந்திரசாலியானது, அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் ஒலி என்பேன். படம் பேசத் தொடங்கி ஏழெட்டு வருடம்தான் ஆகியிருந்தது. நாடகம் எழுதியவர்களும், பென் ஹெக்ட் மாதிரி பத்திரிகையில் வேலை பார்த்தவர்களும் வசனம் எழுத ஹாலிவுட்டுக்கு வந்திருந்தார்கள். இரண்டு பேர் வேகமாகப் பேசிக்கொள்வதே அப்போது புதுக் காட்சியின்பம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் ஏற்கெனவே பார்த்த இட் ஹேப்பன்ட் ஒன் நைட்டிலேயே பதில் இருக்கிறது. அந்தச் சாலையோர விடுதிக்கு அப்பா அனுப்பிய துப்பறிவாளர்கள் வருகிற காலையை நினைத்துப் பாருங்கள். ஓடிவந்த பணக்காரப் பெண் எல்லி, அவள் கதையை எழுதக் காத்திருக்கும் நிருபர் பீட்டர். அதுவரை இருவரும் முட்டிக்கொண்டே வந்தவர்கள். ஆள் வருகிறது என்றதும் பீட்டர் அவள் தலைமுடியைக் கலைத்து முகத்தில் விழவிடுகிறான், இருவரும் பல வருடம் குடித்தனம் நடத்திச் சலித்துப்போன புருஷன் பெண்டாட்டி மாதிரி கத்த ஆரம்பிக்கிறார்கள். ஒத்திகை ஏதும் கிடையாது. அவன் ஒன்றை எடுத்துக்கொடுக்க, அவள் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் போகிறாள், அழுகிறாள். வந்தவர்கள் சங்கடப்பட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். கதவு மூடியதும் அந்த இரண்டு முகங்களிலும் வருகிற சந்தோஷம் இருக்கிறதே! முதல் தடவையாக இருவரும் ஒரே கட்சி. காதல் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை, ஆனால் அவனுக்கு ஈடுகொடுக்க அவளாலும் அவளுக்கு ஈடுகொடுக்க அவனாலும் மட்டுமே முடியும் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. இப்போதைய படங்களில் இருவரும் அழகாக இருப்பார்கள், சேர்ந்து விளையாடமாட்டார்கள்.

வசனப்பித்து:

ரீல்பெட்டி சொன்ன கடைசி வரிக்காகவே அடுத்து ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே (1940) பாருங்கள். மூல நாடகமான தி ஃப்ரன்ட் பேஜில் ஹில்டி ஓர் ஆண் நிருபர். ஹாக்ஸ் அதைப் பெண்ணாக்கி, பத்திரிகை ஆசிரியரின் முன்னாள் மனைவியாகவும் ஆக்கிவிட்டார். ஒருவர் முடிப்பதற்குள் மற்றவர் தொடங்கிவிடுவார். அதற்காகவே வசனத்தின் முன்னாலும் பின்னாலும் தேவையில்லாத சொற்களைச் சேர்த்து எழுதவைத்தாராம், மேலே விழுந்தாலும் முக்கியமான சொல் கேட்கும்படி. ஹில்டியாக நடிக்கும் ரோசலிண்ட் ரஸ்ஸல் தொப்பியோடு அந்தப் பத்திரிகை அலுவலகத்தில் நுழைந்து மேசைகளுக்கு நடுவே நடந்து வரும்போதே அவள் எந்த இடத்துக்கு உரியவள் என்று புரிந்துவிடும். வேலையில் கெட்டிக்காரியாக இருப்பதுதான் அங்கே கவர்ச்சி.

பின்வரிசை:

எனக்கும் பிடித்த படம்தான், ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் வால்டர் (கேரி கிராண்ட்), ஹில்டி கட்டிக்கொள்ள இருக்கும் அந்த அப்பாவி ப்ரூஸை மறுபடி மறுபடி போலீஸில் மாட்டிவிடுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ப்ரூஸாக நடித்த ரால்ஃப் பெல்லமிதான் ஆஃபுல் ட்ரூத்திலும் கைவிடப்படுகிறவர், அதுவும் அதே கேரி கிராண்டிடம் தோற்று! நல்லவனாக இருப்பது மட்டும் போதாது என்று இந்தப் படங்கள் கொஞ்சம் ஈவிரக்கமில்லாமல் சொல்கின்றன.

வசனப்பித்து:

@பின்வரிசை, ப்ரூஸுக்கு நடப்பது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஹில்டி ஏமாறுகிறவள் இல்லை. வால்டரின் பொய் ஒவ்வொன்றும் வாயிலிருந்து வரும்போதே அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அந்த ஓட்டத்தை விட்டுப் போக முடியவில்லை. ப்ரூஸோடு போயிருந்தால் அவள் பாதி வேகத்தில் வாழ்ந்திருப்பாள்.

ரீல்பெட்டி:

ஆண் தந்திரம் செய்வது உறுத்துகிறது என்றால் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸின் தி லேடி ஈவ் (1941) இருக்கிறது, அங்கே எல்லாத் தந்திரமும் பார்பரா ஸ்டான்விக்கிடம். கப்பலின் சாப்பாட்டு அறையில் பணக்கார வாரிசான ஹென்றி ஃபோண்டா பாம்பு பற்றிய புத்தகத்தில் மூழ்கியிருக்கிறான், சுற்றியுள்ள பெண்கள் எல்லாம் அவன் கண்ணில் படப் பார்க்கிறார்கள். ஸ்டான்விக் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடி கையகலப் பவுடர் டப்பாக் கண்ணாடியில் அத்தனையையும் பார்த்து, ஒவ்வொருத்தியும் என்ன நினைப்பாள், என்ன சொல்வாள் என்று தானே குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அவன் எழுந்து பக்கத்தில் வரும்போது காலை நீட்டுகிறாள். தடுக்கி விழுகிறான். எழுந்தவனிடம், தன் செருப்புக் குதிகாலை உடைத்துவிட்டான் என்று இவள்தான் சண்டைக்குப் போகிறாள். @இரவுக்காட்சி, முதலில் இதைப் பாருங்கள், ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே அதற்கு அடுத்து.