மொரிஸ் மைனர் 1000: குளிர் விடியலில் ஸ்டார்ட் பிடிக்க மறுக்கிறது

மலைக்கார்:
1964 மைனர், 1098 சிசி, எஸ்.யூ. எச்.எஸ்.2 காபரேட்டர், டைனமோ, பொசிட்டிவ் ஏர்த் (பற்றறியின் + முனை கார் உடலோடு இணைந்தது). நுவரெலியாவில் ஓடுகிறது. பகலில் தொட்டதும் ஸ்டார்ட். இரவு முழுக்க 8–10 பாகைக் குளிரில் நின்றால் ஸ்டார்ட்டர் சோம்பலாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. சோக்கை முழுக்க இழுத்து, ஆக்சிலேட்டரை நாலைந்து தரம் மிதித்துத்தான் அடிக்கிறேன். பிளக் நான்கும் புதிது, பற்றறி 12.6 வோல்ட் காட்டுகிறது. முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றினால் இரண்டாவது சுற்றிலேயே பிடிக்கிறது! நீட்டி அடித்தால் சோக் குமிழும் லேசாகச் சுடுகிறது. காபரேட்டரைக் கழற்றவா?

பழைய ஸ்பானர்:
கழற்ற வேண்டாம். சுடும் சோக் குமிழே விடையைச் சொல்லிவிட்டது. எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. அதை உடலோடு மின்சார ரீதியாக இணைப்பது கியர்பெட்டிப் பக்கமுள்ள பின்னல் ஏர்த் பட்டைதான். அது துருவேறினாலோ இழை அறுந்தாலோ, ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான அம்பியர் வேறு வழி தேடி சோக் கேபிள் வழியாகப் பாய்கிறது. அதனால்தான் சூடு. அப்படியே விட்டால் கேபிள் உறைக்குள்ளேயே வெந்து இறுகிவிடும்.

கைப்பிடியில் பிடிப்பதற்கும் இதே காரணந்தான். அப்போது ஸ்டார்ட்டர் கரண்ட் இழுப்பதில்லை, பிளக்குக்குப் பொறி தரும் கொயிலுக்கு முழு 12 வோல்ட் கிடைக்கிறது.

சோதிக்க: கொயிலின் எஸ்.டபிள்யூ. (சுவிட்ச்) வயரைக் கழற்றுங்கள், எஞ்சின் பிடிக்காது. வோல்ட் மீற்றரின் ஒரு முனை பற்றறியின் பொசிட்டிவ் கம்பத்தில் (கிளாம்பில் அல்ல), மறு முனை எஞ்சின் புளொக்கில். ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்டுக்கு மேல் காட்டினால் ஏர்த் சரியில்லை. பிறகு கம்பத்திலிருந்து உடலுக்கு, உடலிலிருந்து புளொக்குக்கு என்று பிரித்து அளந்தால் எந்த இணைப்பு என்று தெரிந்துவிடும். பட்டையின் இரு முனையிலும் பெயின்ரைச் சுரண்டி வெள்ளை உலோகம் தெரிய இறுக்குங்கள்.

அடிக்கும்போது கிளட்சை மிதித்தே வையுங்கள். குளிரில் தடித்துப்போன கியர் எண்ணெயையும் சேர்த்துச் சுற்றும் வேலை ஸ்டார்ட்டருக்குக் குறையும்.

தாஷ்பொட்:
ஸ்பானர் சொல்வது சரி. ஆனால் ஆக்சிலேட்டரை மிதிப்பதையும் நிறுத்த வேண்டும். எஸ்.யூ.வில் ஆக்சிலரேட்டர் பம்ப்பே கிடையாது, நூறு தரம் மிதித்தாலும் ஒரு சொட்டு பெற்றோல் கூடுதலாக வராது. அடிக்கும்போது திறொட்டிலைத் திறந்து வைத்தால் ஜெட்டுக்கு (பெற்றோல் வரும் துளைக்குழாய்) மேலுள்ள உறிஞ்சல்தான் குறையும்.

இந்தக் காபரேட்டரில் சோக் என்பது காற்றை அடைக்கும் தட்டு அல்ல. ஜெட்டையே கீழே இறக்குகிறது. முதல் கொஞ்சத் தூரத்துக்குக் கேம் (சோக்கோடு திரும்பும் மேடுள்ள தகடு) ஐடிலை, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோதுள்ள எஞ்சின் வேகத்தை, மட்டும் உயர்த்தும், அதன் பிறகுதான் ஜெட் இறங்கும். கேபிள் தளர்ந்திருந்தால் குமிழ் முழுக்க வெளியே வந்தும் ஜெட் அசையாது. ஒருவரை இழுக்கச் சொல்லி அடியிலிருந்து கண்ணால் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் உடனே அடிக்க வேண்டாம். எஸ்.யூ. பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடித்துத் தானாக நிற்கட்டும். அப்போதுதான் காபரேட்டரின் மிதவைக் கிண்ணம் நிறைந்திருக்கும். நிற்காமல் அடித்தால் டாங்க் பக்கக் குழாயில் காற்று புகுகிறது, அல்லது கிண்ணத்தின் ஊசி வால்வு மூடவில்லை.

கொயில்காரன்:
டிஸ்ட்ரிபியூட்டரிலுள்ள பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம், பிளக் 0.025, வால்வு குளிர்ந்த நிலையில் 0.012. இவை தெரிந்ததே. பலர் கோட்டைவிடுவது கொயில் முனை. புதுக் கொயில்களில் + − என்று போட்டிருக்கும். பொசிட்டிவ் ஏர்த் காரில் + முனை டிஸ்ட்ரிபியூட்டருக்கும் − முனை சுவிட்சுக்கும் போக வேண்டும். மாற்றிக் கொடுத்தாலும் ஓடும். ஆனால் பொறி பாய்வதற்குக் கூடுதல் வோல்டேஜ் தேவைப்படும். வோல்ட் விழும் குளிர்க் காலையில்தான் அது காட்டிக்கொடுக்கும்.

மலைக்கார்:
அளந்தேன். கம்பத்துக்கும் புளொக்குக்கும் 1.6 வோல்ட், பட்டையில் பாதி இழை இல்லை. புதிது போட்ட பிறகு 0.2. அடிக்கும்போது பற்றறி முனையில் 10.3 நிற்கிறது. கொயிலும் தலைகீழாகவே இருந்தது, மாற்றியாயிற்று. இப்போது மூன்றாவது சுற்றில் பிடிக்கிறது, ஆனால் சோக்கைப் பாதி உள்ளே தள்ளினால் நின்றுவிடுகிறது. பெற்றோல் கூடுதலாக வர ஜெட் நட்டைக் கீழே இறக்கவா?

தாஷ்பொட்:
இறக்க வேண்டாம். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்று மெலிது. கொழும்பில் வைத்த கலவையே அங்கு தடித்துத்தான் (பெற்றோல் கூடித்தான்) இருக்கும். இன்னும் இறக்கினால் சூடானபின் பிளக் கரியேறும். முதலில் வேக ஐடில் திருகைக் கவனியுங்கள். சோக் முழுக்க உள்ளே இருக்கையில் திருகுக்கும் கேமுக்கும் 0.015 அங்குல இடைவெளி போதும். அதைவிட அதிகமாக இருந்தால் பாதிச் சோக்கில் ஐடில் உயராது. அப்படியே காபரேட்டரின் மேலுள்ள தாஷ்பொட்டில் எஸ்.ஏ.ஈ. 20 எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள்; உட்குழலின் மேல் விளிம்புக்கு அரை அங்குலம் மேலே.