புதுப்பிப்பு: அந்த வரையாட்டின் வயது

போன மாதம் ஆழியாறு–வால்பாறை மலைப்பாதையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எடுத்த வரையாட்டுப் படத்தைப் போட்டு, "கொம்பு பெரியது, கிழட்டுக் கிடாதான்" என்று எழுதியிருந்தேன். அது தவறு. திருத்துகிறேன்.

முதலில் புளியந்தோப்பில் ஆட்டு வியாபாரம் செய்யும் மாமாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "பல்லு எத்தனை?" ரெண்டு பல் என்றால் ஒரு வயது தாண்டியது, எட்டுப் பல் என்றால் ஏறக்குறைய நாலு வயது. பாறையில் நிற்கும் ஆட்டின் வாயைத் திறக்க முடியாதே!

சரி, கொம்புக்கு வருவோம். வரையாட்டில் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. ஆணுடையது அடியில் தடித்து, நன்றாக வளர்ந்தால் சுமார் 40 செ.மீ. வரும். ஆனால் முதல் சில வருடங்களில்தான் வேகமாக வளரும். அதனால் நீளத்தை மட்டும் வைத்து வயது சொல்லக் கூடாது. முதிர்ந்த கிடாவுக்கு உடம்பு கறுத்து, முதுகில் சேணம் போட்டதுபோல வெளிர்சாம்பல் திட்டு இருக்கும். என் படத்தில் அது இல்லை. உடம்பு சாம்பல் பழுப்பு, கொம்பும் மெல்லியது. பெரிய பெண் ஆடாகத்தான் இருக்க வேண்டும். கொம்பு பெரியதாகத் தெரிந்ததற்குக் காரணம் நான் கீழிருந்து எடுத்த கோணம். காது நீளத்தோடு ஒப்பிட்டிருந்தால் அன்றே புரிந்திருக்கும்.

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதியில் வாழும் ஐபெக்ஸ் என்ற காட்டாட்டின் வயதைக் கொம்பை வைத்து எப்படிச் சொல்வது என்று கேட்டவருக்கு: கொம்பின் முன்பக்கம் புடைத்திருக்கும் முண்டுகளை எண்ணாதீர்கள், அவை வருடக்கணக்கு அல்ல. குளிர்காலத்தில் வளர்ச்சி நின்று விழும் கோடுகளைக் கொம்பின் பக்கவாட்டில் பாருங்கள்.