அலைகள் ஒன்றையொன்று அழிக்கும்போது ஆற்றல் எங்கே போகிறது? வகுப்பில் காட்ட ஒரு வழி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். அலைகளின் மேற்பொருந்துதல் (ஓரிடத்தில் சந்திக்கும் அலைகள் ஒன்றுசேர்வது) பாடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "முகடும் அகடும் சேர்ந்து சுழியாகிவிட்டால், ரெண்டு அலையோட ஆற்றலும் எங்கே சார் போச்சு?" (முகடு என்பது அலையின் மேடு, அகடு பள்ளம்.) அருமையான கேள்வி. இரண்டு நாளாக அதே நினைப்புதான்.

கயிற்றை வைத்து ஓரளவு சொல்லிவிட்டேன். எதிரெதிராக வரும் இரண்டு துடிப்புகள் சந்திக்கும் கணத்தில் கயிறு நேராகத் தெரிந்தாலும் அதன் துகள்கள் வேகமாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆற்றல் முழுவதும் அப்போது இயக்க ஆற்றலாக இருக்கிறது. அதனால்தான் இரண்டும் அழியாமல் கடந்து போகின்றன.

ஒலியில்தான் சிக்கல். சம வீச்சுள்ள இரண்டு அலைகள் சேர்ந்தால் ஓரிடத்தில் செறிவு (ஒலி ஆற்றலின் அளவு) ஓர் அலையுடையதைப் போல நான்கு மடங்கு, இன்னோரிடத்தில் சுழி, சராசரி இரண்டு மடங்கு. ஆற்றல் இடம் மாறுகிறதே தவிர காணாமல் போவதில்லை. இதை அவர்கள் காதால் கேட்க வேண்டும் என்பது என் ஆசை.

ஒரே போனிலிருந்து இரண்டு ஸ்பீக்கருக்கு 680 ஹெர்ட்ஸ் கொடுத்தேன் (அலைநீளம் சுமார் அரை மீட்டர்). இடைவெளி 2 மீட்டர். வகுப்பறைச் சுவர்களின் எதிரொலிப்பால் ஒலி குறையும் இடங்கள் தெளிவாகவே இல்லை. மைதானத்தில் செய்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அதிர்வெண், இடைவெளி, மாணவர்களை நிறுத்தும் தூரம் எவ்வளவு வைத்தீர்கள்? வெள்ளிக்கிழமை அந்த வகுப்பு மறுபடி இருக்கிறது, அதற்குள் சொன்னால் பேருதவி.