12 வயசுப் பிள்ளையை ஆமிக் கோட்டில விசாரிக்கினமோ?

கோண்டாவில் ரீச்சர்:
வணக்கம். எட்டாம் ஆண்டுக்குச் சிறுவர் உரிமை படிப்பிச்சுக்கொண்டிருக்கேக்க ஒரு பெடியன் எழும்பி, ரீச்சர் பலஸ்தீனத்தில எங்கட வயசுப் பெடியளையும் ஆமிக் கோட்டுக்குத்தான் கொண்டுபோவினமாம் உண்மையோ எண்டு கேட்டான். எனக்குச் சரியாச் சொல்லத் தெரியேல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சட்டம் படிக்கிறவன்:
ஓம் ரீச்சர் உண்மைதான். இஸ்ரேல் பிடிச்சு வைச்சிருக்கிற மேற்குக் கரையில 1967 இல இருந்து இஸ்ரேல் ஆமியின்ர இராணுவச் சட்டம், பலஸ்தீனப் பிள்ளைக்கு 12 வயசு வந்தா இராணுவ நீதிமன்றத்தில வழக்குப் போடலாம். பக்கத்துக் குடியேற்றத்தில இருக்கிற யூதப் பிள்ளை அதே கல்லை எறிஞ்சா அதுக்கு இஸ்ரேலின்ர சிவில் சட்டம். 2009 இல சிறுவருக்கெண்டு தனி நீதிமன்றம் துவங்கினவைதான், ஆனா அதுவும் இராணுவ நீதிமன்றம். கனபேரை நடுச்சாமத்தில வீட்டுக்குள்ள பூந்துதான் பிடிக்கிறது, கையைப் பிளாஸ்டிக் பட்டியால கட்டி, கண்ணையும் கட்டி ஜீப்பில ஏத்துவினம், விசாரிக்கேக்க தாய் தேப்பன் பக்கத்தில இல்லை. பிறகு ஹீப்ருவில எழுதின வாக்குமூலத்தில கையெழுத்து, பிள்ளைக்குத் தெரிஞ்சது அரபு மட்டும். பிடிபட்ட பிள்ளையளை மோசமா நடத்திறது பரவலா, ஒரு முறையாவே நடக்குதெண்டு யுனிசெஃப் 2013 இல எழுதினது. குற்றச்சாட்டே இல்லாமல் நிர்வாகத் தடுப்பில 6 மாசம் வைச்சு, திருப்பித் திருப்பி நீட்டவும் ஏலும்.

வடமராட்சி ஐயா:
அந்த மொழி விசயத்தை வாசிச்ச உடன எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. 87 வைகாசியில எங்கட பக்கம் இலங்கை ஆமி சுத்தி வளைச்சுப் பெடியளைக் கப்பலில ஏத்திக் காலிக்குக் கொண்டுபோனவை, பூசா தடுப்பு முகாமுக்கு. என்ர தம்பிக்கு அப்ப 16. சிங்களத்தில எழுதின கடுதாசியிலதான் கையெழுத்து வைச்சவன், என்ன எழுதிக் கிடந்ததெண்டு இண்டைக்கும் அவனுக்குத் தெரியாது. அம்மா ராவில நாய் குலைச்சாலே எழும்பி லாம்பை நூத்துப்போடுவா. அங்க இருக்கிற தாய்மாரும் இப்பிடித்தான் முழிச்சுக் கிடப்பினம்.

சட்டம் படிக்கிறவன்:
ஐயா, இலங்கையின்ர பயங்கரவாதத் தடைச் சட்டத்தில உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குடுக்கிற வாக்குமூலத்தையே கோட்டில சாட்சியா எடுக்கலாம், அதாலதான் அந்தக் கையெழுத்தை வாங்க அவ்வளவு அடிக்கிறது. ரீச்சர், ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனம் 37 ஆம் உறுப்புரையை வகுப்பில வாசியுங்கோ. பிள்ளையைத் தடுத்து வைக்கிறது கடைசி வழியா, ஆகக் குறைஞ்ச காலத்துக்கு மட்டும் இருக்க வேணுமெண்டு கிடக்கு. இலங்கையும் இஸ்ரேலும் அதை ஏற்றது ஒரே வருசம், 1991.

கோண்டாவில் ரீச்சர்:
நன்றி தம்பி, நாளைக்கே வாசிக்கிறன். ஐயா, உங்கட தம்பியின்ர கதையையும் பேர் சொல்லாமல் பிள்ளையளுக்குச் சொல்லலாமோ?

வடமராட்சி ஐயா:
சொல்லுங்கோ பிள்ளை. அவனிட்டயும் கேட்டனான், ஓம் எண்டவன்.