கேரவன் டயர்: 185 ஆர்14 சி-க்குப் பதிலாக 185/65 ஆர்14 போடலாமா?

கேள்வி (உச்சிப்புளி)

ஜீப்பில் இழுத்துச் செல்லும் ஒற்றை அச்சுக் கேரவன் ஒன்றை வாங்கி, இரண்டு ஆண்டுகளாகப் பனந்தோப்பு ஓரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் குடும்பத்துடன் தனுஷ்கோடிக்கும், பிறகு தேவிபட்டினம் வழியாகத் தொண்டிக்கும் செல்ல எண்ணம். டயரில் 185 ஆர்14 சி, 8 பிஆர், 102/100 ஆர் என்று இருக்கிறது. பட்டன் (தரையைத் தொடும் மேல்பரப்பு மேடுகள்) தேயவில்லை, பக்கவாட்டில் மட்டும் மயிரிழை வெடிப்புகள் தெரிகின்றன. கடையில், இதே ரிம்மில் உட்காரும், விலையும் குறைவு என்று 185/65 ஆர்14 86 என்ற கார் டயரைக் காட்டுகிறார்கள். கேரவனின் தகட்டில் மொத்த எடை 1,300 கிலோ. போடலாமா?

பதில் 1 (மண்டபம்)

வேண்டாம் ஐயா. ரிம்மில் உட்காருவது வேறு, சுமையைத் தாங்குவது வேறு. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 14 என்பது ரிம்மின் அங்குலம்; இவை இரண்டும் ஒத்துப்போவதால்தான் கடைக்காரர் அப்படிச் சொல்கிறார். நீங்கள் பார்க்க வேண்டியது கடைசி எண்ணை. 86 என்றால் ஒரு டயர் 530 கிலோ தாங்கும். இரண்டும் சேர்ந்து 1,060 கிலோதான், உங்கள் வண்டியோ 1,300. அச்சின் ஒவ்வொரு முனையிலும் ஒற்றைச் சக்கரமாக ஓடும்போது 102 என்பது 850 கிலோ. இரண்டும் சேர்ந்தால் 1,700. பழையதில் உள்ள 100, ஒரே முனையில் இரட்டைச் சக்கரமாகப் பூட்டும்போது பொருந்தும் எண். உங்களுக்கு அது தேவைப்படாது. 'சி' என்பது சரக்கு வாகன டயர். 8 பிஆர், அதாவது எட்டுப் பிளை என்றதும் உள்ளே எட்டு அடுக்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது வலிமையின் அளவு மட்டுமே.

உயரமும் மாறும். விகிதம் (பக்கவாட்டு உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது) குறிப்பிடாத பழைய அளவுகளை ஏறத்தாழ 80 என்று கொண்டால், 65-க்கு மாறும்போது விட்டம் ஐந்தரை சென்டிமீட்டர் குறைகிறது.

பதில் 2 (கீழக்கரை)

மேலே சொன்னது சரி. பட்டனைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட, நின்றே வயதாகிக் கெடுவதுதான் அதிகம். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளைத் தொடர்ந்து வரும் வரிசையின் இறுதி நான்கு எண்களைப் படியுங்கள்: 1416 என்றால் 2016-ஆம் ஆண்டின் 14-ஆவது வாரம். ஐந்து ஆண்டு கடந்தால் மாற்றத் திட்டமிடுங்கள். ஏழு ஆண்டைத் தாண்டியதில் ஓடவே வேண்டாம். புது டயருக்கும் இதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

நம் உப்புக் காற்று ரப்பரைவிட ரிம்மைத்தான் தின்னும். பழைய டயரைக் கழற்றியதும், டயரின் வாய் அமரும் விளிம்பில் துருவைச் சுரண்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் டியூப்லெஸ்ஸில் காற்று கசியும். இவ்வகை டயர் முழுச் சுமைக்கு 65 பிஎஸ்ஐ வரை கேட்கும் என்பதால், அதைத் தாங்கும் வால்வும் ரிம்மும் வேண்டும்.

கேட்டவர்

நன்றி. டயர்களில் 2215 என்று இருந்தது. அடியில் தொங்கிய ஸ்டெப்னியையும் இறக்கிப் பார்த்தேன். மண்ணைத் துடைத்தால் 0911. அதே அளவில், 102 எண்ணுடன் மூன்றாகவே சொல்லிவிட்டேன்.