'திரைக்கதவு' வேண்டாம், 'விளிம்புக்கதவு' எனலாம்

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

நிலத்தடி மெட்ரோவின் நடைமேடை விளிம்பில் நின்று, ரயில் வந்த பிறகே திறக்கும் கதவுக்கு நம் கலைச்சொல் குழுவில் முன்வைக்கப்பட்ட 'நடைமேடைத் திரைக்கதவு', 'platform screen door' என்ற ஆங்கிலப் பெயரின் நேர்நகலாக இருக்கிறது. திரை என்றதும் நமக்குத் தோன்றுவது விலக்கக்கூடிய துணி, அல்லது படம் காட்டும் பரப்பு. இரண்டும் இதற்குப் பொருந்தவில்லை. சென்னை மெட்ரோவில் இதைப் பார்ப்பவர்களுக்குக் 'கண்ணாடிக் கதவு' என்பதே எளிதில் வாயில் வரும், ஆனால் கலைச்சொல்லுக்கு அது போதாது. ஏன் போதாது என்பதை ஐரோப்பிய மெட்ரோ தடங்களே காட்டிவிடுகின்றன.

பாரிஸ் மெட்ரோவின் 14ஆம் தடம் 1998 அக்டோபரில் திறக்கப்பட்டபோதே ஓட்டுநரில்லா ரயில்களும் ஆளுயரத்தைத் தாண்டிய கண்ணாடிக் கதவுகளும் அதில் இருந்தன. 1900இல் திறக்கப்பட்ட 1ஆம் தடத்தைத் தானியங்கியாக மாற்றியபோதோ, சேவையை நீண்ட காலம் நிறுத்தாமல், பழைய நடைமேடைகளை வலுப்படுத்தி, மேற்புறம் திறந்த குட்டைக் கதவுகளைப் பொருத்தினார்கள். 2012 இறுதியில்தான் மாற்றம் முழுமை பெற்றது. லெனின்கிராடில் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) 1961இல் திறக்கப்பட்ட 'பார்க் பபேதி' நிலையம் இவ்விரண்டிலும் சேராது. அங்கே பயணி நிற்பது ஒரு கூடத்தில். இருபுறமும் திண்ணிய சுவர், அதில் பதித்த உலோகக் கதவுகள். ரயில் வருவது காதில் விழுமே தவிரக் கண்ணில் படாது. மக்கள் அதைக் 'கிடைமட்ட லிப்ட்' என்றார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கதவுக்கு வைத்திருக்கும் பெயரும் லிப்டின் தளவாசல் கதவைக் குறிக்கும் அதே பெயர்தான் என்பது கவனிக்கத்தக்கது.

கண்ணாடி, உயரம், ஊடே பார்க்க முடிவது எல்லாம் இடத்துக்கு இடம் மாறுகின்றன. மாறாதது கதவு நிற்கும் இடம் மட்டுமே. ஆகவே 'விளிம்புக்கதவு' என்பதைப் பொதுப்பெயராக முன்வைக்கிறேன். வகை சொல்ல வேண்டிய இடத்தில் 'உயர் விளிம்புக்கதவு', 'தாழ் விளிம்புக்கதவு' என்று பிரிக்கலாம். 'அரையுயரக் கதவு' எனக்கு உவப்பில்லை, ஏனெனில் யாரும் அளந்து பாதியாக அமைப்பதில்லை. கூரைவரை அடைத்து, நிலையத்தின் குளிர்காற்று சுரங்கத்துக்குள் போகாமல் காப்பதை 'அடைப்பு விளிம்புக்கதவு' எனலாம். இது சற்று நீளம்தான், ஆனால் பொறியாளர்களுக்கு இந்த வேறுபாடு தேவை.

நகரும் கதவுகள், நகராத பலகங்கள், அவசரவழி ஆகியவை சேர்ந்த முழு அமைப்புக்குத் தனிச்சொல் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரே பெயர் கதவுக்கும் முழு அமைப்புக்கும் புழங்கிக் குழப்புகிறது. நாம் அதையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை. முழு அமைப்பை 'விளிம்பரண்' (விளிம்பு + அரண்) எனலாம். அது சொல்லவும் எளிது, 'விளிம்பரண் பராமரிப்பு' என்று தொடரவும் செய்யும்.

எஞ்சியிருப்பது ரயிலின் கதவுக்கும் விளிம்புக்கதவுக்கும் நடுவிலுள்ள குறுகிய வெளி. நேரான நடைமேடையில் அது சிறிதாகவே இருக்கும். 1ஆம் தடத்தின் பஸ்தீல் நிலையம் போல நடைமேடை வளையுமிடத்தில் அது அகலும், ஆள் சிக்கிக்கொள்ளாதபடி கண்காணிக்கவும் வேண்டியிருக்கும். 'இடைவெளி' மிகப் பொதுவான சொல் என்பதால் 'இடைச்சந்து' எனலாமா என்று யோசிக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் உறுப்பினர்கள் எழுதவும்.